அது நீரூற்றுப் படகு இல்லை ஐயா

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் நியூயார்க் துறைமுகத்துப் படம் ஒன்று வந்திருந்தது. சிவப்பும் வெள்ளையுமாக ஒரு படகு, அதன் மேலிருந்து நாலா பக்கமும் தண்ணீர் விசிறியடிக்கிறது, பின்னால் மாடி மாடியாக ஒரு பயணிகள் கப்பல். ‘சுற்றுலாப் பயணிகளை வரவேற்கும் நீரூற்றுப் படகு’ என்று கீழே போட்டிருந்தீர்கள். படம் அருமை. ஆனால் அது நீரூற்றுப் படகு இல்லை ஐயா, தீயணைப்புப் படகு. கப்பலுக்குத் தண்ணீர் பீய்ச்சி வரவேற்பு கொடுப்பது அதன் ஓய்வு நேர வேலை. அதுகூடப் பம்பும் குழாயும் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ள ஒரு நல்ல சாக்கு. கோயில் யானை துதிக்கையை ஒருவர் தலையில் வைக்கிற படத்தைப் போட்டு ‘தலையைத் தொடும் விலங்கு’ என்று எழுதினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது எனக்கு.

நான் இருபத்திரண்டு வருடம் சரக்குக் கப்பல்களில் இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவன். கரையில் இருக்கிறவர்களுக்குத் தீ என்றால் ஓடிவிடலாம். கப்பலில் ஓட இடம் கிடையாது. அதனால் துறைமுகத்துக்குள் நுழையும்போது எங்கள் கண் முதலில் தேடுவது இந்தப் படகைத்தான். அந்தப் பழக்கத்தில்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நியூயார்க்கில் தீயணைப்புப் படகு வைத்துக்கொள்ளும் வழக்கம் ஆரம்பித்தது 1866-ல். அப்போது நகரத்துக்கென்று சொந்தப் படகு கிடையாது, ஒரு இழுவைப் படகை வாடகைக்கு அமர்த்தி அதில் பம்பை வைத்து ஒப்பேற்றினார்கள். 1875-ல்தான் வில்லியம் எஃப். ஹேவ்மேயர் என்ற நீராவிப் படகைச் சொந்தமாகக் கட்டிக்கொண்டார்கள். பெயர் ஒரு மேயருடையது. எதற்குப் படகு, கரையில் வண்டிகள் இருக்கிறதே என்று கேட்கலாம். அந்தக் காலத்து நியூயார்க்கின் ஜெட்டிகளை நினைத்துப் பாருங்கள். ஆற்றுக்குள் நீண்டு போகும் மரத்தூண்கள், மேலே மரப்பலகைத் தளம், தளத்தில் பஞ்சுப் பொதி, சணல், எண்ணெய்ப் பீப்பாய். தீ அந்தப் பலகைக்கு அடியில் புகுந்துவிட்டால் கரையில் நிற்கிற வண்டியால் ஒன்றும் செய்ய முடியாது, தண்ணீர் மேலே விழுந்து வழிந்தோடிவிடும், நெருப்பு கீழே தூணைத் தின்றுகொண்டே நடந்து போகும். தண்ணீர்ப் பக்கத்திலிருந்து, கீழிருந்து மேலாக அடித்தால்தான் அணையும்.

1900-ஆம் ஆண்டு ஜூன் 30 அன்று எதிர்க்கரையில் ஹோபோகன் ஜெட்டியில் பஞ்சுப் பொதியில் பிடித்த தீ, கட்டியிருந்த ஜெர்மன் கப்பல்களுக்குத் தாவியது. 300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். படகுகள் பக்கத்தில் போய்விட்டன, உள்ளே மாட்டிக்கொண்டவர்களின் முகம்கூடத் தெரிந்தது, ஆனால் கப்பலின் வட்ட ஜன்னல்கள் ஒரு ஆள் வெளியே வர முடியாத அளவுக்குச் சின்னவை. கை மட்டும்தான் வெளியே வந்தது. இதைப் படித்த பிறகு எந்தக் கப்பலில் ஏறினாலும் ஜன்னலில் என் தோள் நுழையுமா என்று மனசுக்குள் அளந்து பார்க்காமல் நான் தூங்கினதில்லை. சிரிக்காதீர்கள், உண்மை.

இப்போது முக்கியமான படகுக்கு வருகிறேன். அதன் பெயர் ஜான் ஜே. ஹார்வி. 1930 பிப்ரவரியில் ம்யூன்ஷன் என்ற ஜெர்மன் கப்பல் நியூயார்க்கில் தீப்பிடித்து வெடித்தபோது, தீயணைப்புப் படகு ஒன்றை ஓட்டி வந்து பக்கத்தில் நிறுத்தியிருந்த பைலட் ஜான் ஹார்வி இறந்துபோனார். அடுத்த வருடம், 1931-ல், புரூக்ளினில் கட்டி இறக்கிய புதிய படகுக்கு அவர் பெயரை வைத்தார்கள். 130 அடி நீளம். நிமிடத்துக்கு 60,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் அடிக்கும். இந்த எண்ணைப் படித்துவிட்டுச் சும்மா தாண்டிப் போகாதீர்கள், கணக்குப் போடுங்கள். நொடிக்கு ஆயிரம் லிட்டர், அதாவது நொடிக்கு ஒரு டன். தெருவில் வருகிற பெரிய தண்ணீர் லாரியில் பன்னிரண்டாயிரம் லிட்டர் இருக்கும் என்றால், அதைப் பன்னிரண்டு நொடியில் காலி செய்துவிடும். லாரிக்காரர் மூடியைத் திறந்து பீடி பற்றவைப்பதற்குள் முடிந்துவிடும். அப்படி அடிக்கும்போது படகே பின்னால் தள்ளப்படும், துப்பாக்கி சுட்டால் தோள் பின்னால் போகிற மாதிரி. அதனால் தண்ணீர் அடித்துக்கொண்டே, அதே நேரத்தில் படகை முன்னால் ஓட்டிப் பிடித்து நிறுத்த வேண்டும்.

அதை எப்படிச் செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். ஹார்வியில் மேலே பைலட் கையில் சுக்கான் மட்டும்தான், வேகம் அவர் கையில் இல்லை. அவர் தந்தி மாதிரி ஒரு கருவியின் பிடியைத் தள்ளுவார், கீழே இன்ஜின் ரூமில் மணியடித்து முள் திரும்பும், அங்கே நிற்கிற இன்ஜினியர் பித்தளைப் பிடிகளை இழுத்து அதன்படி வேகத்தைக் கொடுப்பார். இன்ஜினியர் நிற்பது நீர்மட்டத்தை ஒட்டிய அறையில். எரிகிற கப்பல் எங்கே, ஜெட்டி எவ்வளவு கிட்டே, ஒன்றும் அவருக்குச் சரியாகத் தெரியாது. மணியை நம்பி நிற்க வேண்டியதுதான். முதலில் பெட்ரோல் இன்ஜின், 1957-ல் அதை எடுத்துவிட்டு ஐந்து டீசல் இன்ஜின் வைத்தார்கள். ஓட்டுவதற்கும் அதே இன்ஜின்கள், பம்புக்கும் அதே இன்ஜின்கள். எவ்வளவு சக்தியை எதற்குக் கொடுப்பது என்று கீழே ஒருவர் காதை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு செய்கிறார். நாங்களும் இப்படித்தான் வேலை பார்த்தோம், மேலே என்ன நடக்கிறதென்று தெரியாமல். அதனால் இன்ஜின் ரூம்காரர்களைப் பற்றி யாராவது எழுதமாட்டார்களா என்று எனக்கு எப்போதும் ஒரு ஏக்கம்.

அப்புறம் தண்ணீர். தீயணைப்புப் படகு என்றால் தண்ணீரை அள்ளிக் கொட்டுவதுதானே என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் அனுபவம் ஒன்றைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன். ஒரு பழைய சரக்குக் கப்பல், துறைமுகத்தில் கட்டியிருந்தோம், ஜெனரேட்டர் பக்கம் எண்ணெய் கசிந்து தீப்பிடித்துக்கொண்டது. கரண்ட் போய்விட்டது, எங்கள் பம்ப் நின்றுவிட்டது, தனியாக வைத்திருந்த அவசர பம்ப் கிளம்ப மறுத்தது. படகு வந்து பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. அவர்கள் ஹோஸை எங்கள் குழாயில் மாட்ட வேண்டும். இதற்காகவே எல்லாப் பெரிய கப்பலிலும் ‘ஷோர் கனெக்‌ஷன்’ என்று ஒரு வட்டத் தகடு இருக்கும், சர்வதேச விதி. 178 மில்லிமீட்டர் வட்டம், நடுவில் 64 மில்லிமீட்டர் துளை, நாலு போல்ட். உலகத்தில் எந்தத் துறைமுகத்துக்குப் போனாலும் அளவு ஒன்றே. எங்களுடையதைச் சுவரில் மாட்டி அழகாகச் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். அழகு என்றால் அப்படி ஒரு அழகு, ஒவ்வொரு சோதனைக்கு முன்னாலும் அதிகாரி வந்து பார்ப்பார் என்று போல்ட்டின் மேலும் நட்டின் மேலும் சேர்த்துப் பூசிப் பூசி, இரண்டும் ஒரே உருண்டையாகிவிட்டது. ஸ்பேனர் பிடிக்கவில்லை. இரண்டாவது இன்ஜினியர் சுத்தியலால் தட்டித் தட்டிப் பெயின்ட்டை உரித்தார். ஐந்து நிமிடம் இருக்கும், எனக்கு ஐந்து வருடம் மாதிரி இருந்தது. தண்ணீர் வந்தது, தீ அடங்கியது. அதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம். முதல் மேட், அதாவது கேப்டனுக்கு அடுத்த அதிகாரி, டெக்கிலிருந்து ‘போதும், நிறுத்து, நிறுத்து’ என்று தொண்டை கிழியக் கத்தினார். எனக்கு ஆத்திரம். இன்னும் புகை வருகிறது, இந்த ஆளுக்கு என்ன ஆச்சு? அவர் தீயைப் பார்க்கவில்லை, கப்பல் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் ஏன் கத்தினார் என்று எனக்குப் பின்னால் புரியவைத்தது நார்மண்டி கப்பலின் கதை. பிரெஞ்சுக் கப்பல், 313 மீட்டர் நீளம், அந்தக் காலத்தின் மிக ஆடம்பரமான பயணிகள் கப்பல்களில் ஒன்று. போர்க்காலத்தில் அமெரிக்கா எடுத்துக்கொண்டு, படைவீரர்களை ஏற்றிச்செல்லும் கப்பலாக மாற்றும் வேலை நியூயார்க்கில் 88-ஆம் ஜெட்டியில் நடந்துகொண்டிருந்தது. 1942 பிப்ரவரி 9, மதியம். பெரிய கூடத்தில் இரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்களின் தீப்பொறி, குவித்து வைத்திருந்த லைஃப் ஜாக்கெட்டுகளின் மேல் தெறித்தது. ஜாக்கெட்டுக்குள் என்ன அடைத்திருந்தார்கள் தெரியுமா? இலவம்பஞ்சு. நம் தலையணையில் இருக்கிற அதே இலவம்பஞ்சு. தண்ணீரில் மிதக்கும் என்பதற்காக வைத்தது, நெருப்பைக் கண்டால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பாட்டிகளைக் கேட்டால் சொல்லியிருப்பார்கள். கப்பலின் குழாய் இணைப்புகள் பிரெஞ்சு அளவு, நியூயார்க் தீயணைப்புத் துறையின் ஹோஸ் அதில் பொருந்தவில்லை. எங்கள் சிவப்புத் தகட்டை நினைத்துக்கொண்டேன்.

படகுகள் வந்தன, ஹார்வியும் வந்தது. கரையிலிருந்து வண்டிகள் ஒரு பக்கம், ஆற்றிலிருந்து படகுகள் மறுபக்கம். மேல் தளங்களுக்குள் தண்ணீர் டன் டன்னாக இறங்கியது. கப்பலை வடிவமைத்த விளாதிமிர் யூர்கேவிச் அப்போது நியூயார்க்கில்தான் இருந்தார், ஓடி வந்தார். அடித்தளத்தில் கடல் தண்ணீரைத் திறந்துவிடுங்கள், கப்பல் நேராக இறங்கித் தரையில் உட்கார்ந்துவிடும், சாயாது என்பது அவர் சொன்ன யோசனை. ஏற்கவில்லை. சாயங்காலத்துக்குள் தீ கட்டுக்குள் வந்துவிட்டது. நள்ளிரவு தாண்டிக் கப்பல் ஒருபக்கமாகப் படுத்துவிட்டது.

தீயால் இல்லை, அணைத்த தண்ணீரால். ஏன் என்று தெரிய வேண்டுமானால் வீட்டில் ஒரு தாம்பாளத்தில் விரல் அளவு தண்ணீர் ஊற்றி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நாலு அடி நடந்து பாருங்கள். கொஞ்சம் இடதுபக்கம் சாய்ந்தால் தண்ணீர் முழுவதும் இடதுபக்கம் ஓடி இன்னும் சாய்க்கும். அதே தண்ணீரைச் சொம்பில் எடுத்துக்கொண்டு நடந்தால் ஒன்றும் ஆகாது. கப்பலின் மேல்தளத்தில் அகலமாகப் பரவி நிற்கும் தண்ணீர் தாம்பாளத்துத் தண்ணீர். யூர்கேவிச் அடியில் நிரப்பச் சொன்னது சொம்புத் தண்ணீர். அன்றைக்கு எங்கள் மேட் கத்தினதும் இதற்குத்தான். பாவம், அவரை நான் மனசுக்குள் திட்டிய திட்டு.

சரி, அடுத்த வருடம் என்ன நடந்தது பாருங்கள். 1943 ஏப்ரல் 24, எல் எஸ்டெரோ என்ற கப்பல், நியூயார்க் துறைமுகத்தின் நியூஜெர்சிப் பக்கத்தில், ஆயிரம் டன்னுக்கு மேல் வெடிமருந்து ஏற்றி முடித்த நேரம், பாய்லரிலிருந்து தீ கிளம்பி அடியில் தேங்கியிருந்த எண்ணெயில் பிடித்துக்கொண்டது. தண்ணீரை உள்ளே விடும் வால்வுகள் தீக்கு நடுவில், போய்த் திறக்க முடியாது. கப்பலை நகரத்தை விட்டு வெளியே இழுத்துப்போய் மூழ்கடித்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். இழுவைப் படகுகள் முன்னால், இரண்டு தீயணைப்புப் படகுகள் பக்கத்தில், ஃபயர்ஃபைட்டரும் நம் ஹார்வியும். எந்த நிமிடமும் வெடிக்கலாம் என்று தெரிந்துகொண்டே ஒட்டிக்கொண்டு போய், சரக்கறைக்குள் தண்ணீரை நிரப்பி நிரப்பி, இரவில் கப்பல் அடியில் போகும்வரை விடவில்லை. முந்தின வருடம் மூழ்கக் கூடாத கப்பலைத் தண்ணீர் கவிழ்த்தது, இந்த வருடம் மூழ்கியே ஆக வேண்டிய கப்பலை மூழ்கடித்தது. படகு ஒன்றுதான்.

இதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து நடந்தது நமக்குத் தெரிந்த கதை. 1944 ஏப்ரல் 14, பம்பாய், விக்டோரியா டாக், ஃபோர்ட் ஸ்டிகின் என்ற கப்பலில் தீ. அதிலும் ஏறக்குறைய 1,400 டன் வெடிமருந்து, அதே கப்பலில் பஞ்சுப் பொதி. தண்ணீருக்குக் குறைவே இல்லை, சரக்கறைக்குள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஆனால் இன்ஜினைப் பழுதுபார்க்கக் கழற்றி வைத்திருந்ததால் கப்பல் தானாக நகராது. இழுத்துக்கொண்டு போவதா, அங்கேயே மூழ்கடிப்பதா, டாக்கில் அதற்கு ஆழம் போதுமா என்று பேச்சு நடந்துகொண்டிருந்ததே தவிர முடிவு வரவில்லை. மாலை 4:06-க்கு முதல் வெடிப்பு, சுமார் அரை மணி நேரத்தில் இரண்டாவது. தீயணைப்பு வீரர்கள் 66 பேர் இறந்தார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஏப்ரல் 14-லிருந்து தீத்தொண்டு வாரம் கொண்டாடுகிறோம். நியூயார்க்காரர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள் என்று சொல்ல வரவில்லை, அவர்களுக்கு அதிர்ஷ்டமும் இருந்தது. ஆனால் எல் எஸ்டெரோவில் ‘மூழ்கடி’ என்று ஒருவர் சொன்னார், படகுகள் அதைச் செய்தன. அந்த ஒரு வார்த்தை பம்பாயில் கிடைக்கவில்லை.

போருக்குப் பிறகு சரக்கு கன்டெய்னருக்கு மாறியது, மரஜெட்டிகள் போயின, தீ குறைந்தது. தீ குறைந்தால் நல்லதுதானே, ஆனால் கணக்குப்பிள்ளைகளுக்கு அங்கேதான் கண் உறுத்த ஆரம்பிக்கும். ‘போன வருடம் எத்தனை தடவை வெளியே போனது?’ என்று கேட்பார்கள். 1973-ல் நியூயார்க்கில் சீ விட்ச் என்ற கன்டெய்னர் கப்பல் எண்ணெய்க் கப்பலில் மோதி, தண்ணீரே எரிந்துகொண்டிருந்தபோது, ஃபயர்ஃபைட்டர் அதற்குள் நுழைந்து சுமார் முப்பது பேரைத் தூக்கிக்கொண்டு வந்தது. அந்த மாதிரி நாள் பத்து வருடத்துக்கு ஒருமுறை வரும். மீதி நாளெல்லாம் ஜெட்டியில் கட்டிக்கிடந்து பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கும். ஹார்வியை 1994-ல் பணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1999-ல் ஏலம். பழைய இரும்புக்காரர்கள் கைக்குப் போயிருக்க வேண்டியது, ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து 28,010 டாலருக்கு எடுத்தார்கள். எண்ணெய் போட்டு, துருவைச் சுரண்டி, விடுமுறை நாளில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் சிலர் அம்பாசடர் காரைப் பாதுகாப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

2001 செப்டம்பர் 11. இரட்டைக் கோபுரம் விழுந்து, பூமிக்கு அடியில் இருந்த பெரிய தண்ணீர்க் குழாய்கள் உடைந்துவிட்டன. தெருவில் தீயணைப்பு வண்டி நிற்கிறது, திறந்தால் தண்ணீர் இல்லை. கொஞ்ச தூரம் தள்ளி ஹட்சன் நதி ஓடுகிறது. ஹார்வி முதலில் கரையில் நின்றவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது, சுமார் 150 பேர். வழியில் வயர்லெஸ்ஸில் செய்தி, ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பி வாருங்கள், தண்ணீர் வேண்டும் என்று. படகில் இருந்தவர்களில் அதே ஹார்வியை இருபது வருடத்துக்கு மேல் ஓட்டி ஓய்வுபெற்ற பைலட் ஒருவர் இருந்தார். பழைய படகு, டெக்கில் இருந்த நாசில்களை மூடச் சரியான வால்வு இல்லை, கைக்குக் கிடைத்ததை வைத்து அடைத்து, ஹோஸுக்கு அழுத்தம் கொண்டுவந்தார்கள். 80 மணி நேரம். ஃபயர்ஃபைட்டரும் ஜான் டி. மெக்கீன் என்ற இன்னொரு தீயணைப்புப் படகும் பக்கத்தில். ஓய்வுபெற்ற ஹார்விக்கு அன்று பழைய வயர்லெஸ் பெயரான ‘மரைன் 2’ திரும்பக் கிடைத்தது. எழுபது வயதுப் படகு.

இது ஒரு ஊரின் அதிசயம் இல்லை. 1989-ல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்திலும் இதேதான், தெருக்குழாய் உடைந்து மரீனா பகுதி எரிந்தபோது ஃபீனிக்ஸ் என்ற படகு கடலிலிருந்து உறிஞ்சிக் கரைக்கு அனுப்பியது. ‘போன வருடம் எத்தனை தடவை’ என்று கேட்பவர்கள் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவார்கள் என்று தெரியவில்லை.

உங்கள் படத்தில் இருப்பது ஹார்வியா, அல்லது 2010-ல் வந்த ‘த்ரீ ஃபார்ட்டி த்ரீ’யா என்று என் பேரனின் போனில் பெரிதுபண்ணிப் பார்த்தேன். புதிய படகுக்கு 343 என்று பெயர், 2001 செப்டம்பர் 11 அன்று இறந்த 343 தீயணைப்புத் துறையினரின் நினைவாக. முன்பக்கம் தண்ணீர்த் திவலை மறைத்துவிட்டது, பெயர் படிக்க முடியவில்லை. மூலப்படம் உங்களிடம் இருக்கும், பார்த்துச் சொல்லுங்கள். திருத்தம் போடும்போது ‘நீரூற்று’ என்பதை எடுத்துவிட்டுத் ‘தீயணைப்பு’ என்று போடுங்கள், முடிந்தால் படகின் பெயரையும் சேர்த்து.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒரு இன்ஜின் ரூம்காரர்